பவரில்லாத கண்ணாடியும் பந்தயக் காளையும்

மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிற எந்தத் தொழிலும் ஆளைப் பொறுமைசாலி ஆக்கிவிடும். பூல் டேபிளை வாடகைக்கு விடுகிற தொழில் கூடவே ஊமையாகவும் ஆக்கிவிடும்.

கல்யாண மண்டபம், கிரிக்கெட் கிரவுண்டு, பந்தல் சாமான் என்று எதையாவது வாடகைக்கு விட்டு, அடுத்தவர் கொண்டாட்டத்துக்கு ஃபேன் போட்டுவிட்டு ஓரமாக உட்காரும் சகபாடிகளே, என் கஷ்டம் உங்களுக்குப் புரியும். துபாயில் ஒரு கிளப்பில் பதினோரு வருசம் மார்க்கராக இருந்தேன். மார்க்கர் என்றால் பாயிண்ட் எழுதி, தகராறு வந்தால் தீர்ப்புச் சொல்கிற ஆள். ஊருக்குத் திரும்பி இலுப்பூரில் உரக்கடை மாடியில் ரெண்டு பழைய டேபிளைப் போட்டேன். பூல் தெரியாதவர்கள் கேரம் போர்டைக் கட்டில் அளவுக்குப் பெரிசாக்கி, ஸ்ட்ரைக்கருக்குப் பதில் ஒரு வெள்ளைப் பந்தை வைத்து, விரலுக்குப் பதில் நீளக் குச்சியால் ஆடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். போதும்.

போர்டு

கடை திறந்த அன்றே என் வீட்டுக்காரி ஜமீலா கறாராகச் சொல்லிவிட்டாள். டேபிள் வாடகை வாங்கலாம், சூதாட்டக் காசு வீட்டுக்குள் நுழையக் கூடாது, அது ஹராம். நானும் 'காசு வைத்து ஆடக் கூடாது' என்று பெரிய எழுத்தில் போர்டு மாட்டினேன். நம்ம ஆட்கள் போர்டை மதித்தார்கள். ஒருத்தரும் ஒத்தை ரூபாய் வைக்கவில்லை. சேவல் வைத்தார்கள், மிதிவண்டி வைத்தார்கள், ஒருத்தர் மீசையை வைத்துத் தோற்று, மறுநாள் கல்யாண வீட்டுக்கு மாஸ்க் போட்டுக்கொண்டு போனார்.

பந்தயப் பொருளை மாடிக்குத் தூக்கிவர முடியாதே? அதற்கு ஒரு வழக்கம் உண்டாயிற்று. வண்டி என்றால் சாவி, ஆடு என்றால் அதன் கயிறு, என் மேஜை மேல் வைத்துவிட வேண்டும். வைத்த பிறகு வாக்கு மாறக் கூடாது. ஒருநாள் ஜமீலா எனக்குச் சோறு கொண்டுவந்தாள். என் மேஜையில் மூன்று கயிறு கிடந்தது. என்ன ஏது என்று விசாரித்தாள். மறைக்காமல் சொன்னேன். போர்டை ஒரு தடவை, கயிற்றை ஒரு தடவை பார்த்தாள்.

"ஏங்க, காசு ஹராம்னா கெடாக்குட்டி மட்டும் ஹலாலா?"

ரெண்டு கத்துக்குட்டிகள்

ஊர் ஊராகப் போய் ஆடிப் பிழைக்கிற ஆட்டக்காரர்கள் உண்டு. அவர்கள் தந்திரம் ஒன்றேதான். முதலில் கத்துக்குட்டி மாதிரி ஆடித் தோற்பார்கள். எதிராளி தலைக்கனம் ஏறிப் பெரிசாக எதையாவது வைத்ததும், சுயரூபம் வெளியே வரும். எங்கள் கடைக்கு அப்படி வந்தவர் ஒரு கண்ணாடிக்காரர். வெள்ளைச் சட்டை, கக்கத்தில் ஃபைல், தடித்த மூக்குக் கண்ணாடி. இன்சூரன்ஸ் பிடிக்க வந்தவர் என்றுதான் நானும் நினைத்தேன். பேரைக் கேட்டதற்கு சேகர் என்றார். மணப்பாறையில் அவர் பேர் ரமேஷ், விராலிமலையில் பாபு என்பதெல்லாம் பின்னால் தெரிந்தது.

அவர் வந்த அன்றைக்கே, மதுரைப் பக்கத்திலிருந்து கைலியும் கட்டைவிரலில் கட்டுமாக இன்னொருத்தர் வந்து சேர்ந்தார். அவரும் அதே தொழில். ஒருத்தரை ஒருத்தர் தெரியாது. ரெண்டு பேரும் எதிராளி ஏமாளி என்று நினைத்து, போட்டி போட்டுக்கொண்டு தோற்க ஆரம்பித்தார்கள். குழி வாயில் நிற்கிற பந்தை இவர் தவறவிடுவார். "அடடா, கண்ணு தெரியலையே" என்பார். அவர் அதே பந்தை இன்னும் கேவலமாகத் தவறவிட்டு, கட்டைவிரலைப் பிடித்துக்கொள்வார். ஒன்றரை மணி நேரம் ஒரு பந்துகூடக் குழியில் விழவில்லை. எனக்கு வாடகை ஏறியது, சிரிப்பை அடக்கி வயிறு வலித்தது. அடுத்த ஆட்டத்துக்குக் காத்திருந்த டிராக்டர் டிரைவர் ஒருத்தர் பொறுக்க முடியாமல் எழுந்துவிட்டார்.

"ஏம்ப்பா, ரெண்டு பேரும் வீட்டுக்குப் போயி மொதல்ல கோலிக்குண்டு வெளையாடிப் பழகிட்டு வாங்கப்பா!"

கசாயம்

கண்ணாடிக்காரர் ஒருநாள் முகம் கழுவப் போனபோது கண்ணாடியை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். சும்மா எடுத்து மாட்டிப் பார்த்தேன். வெறும் கண்ணாடி! ஒரு பவரும் இல்லை. அதற்கப்புறம்தான் கவனித்தேன். தோற்கிற வரைக்கும் கண்ணாடி மூக்கில் இருக்கும். ஜெயிக்க முடிவெடுத்தால் கழற்றிச் சட்டைப்பையில் போடுவார். யாரிடமும் சொல்லவில்லை. துபாயில் எனக்குத் தொழில் பழக்கிய மலையாளி அடிக்கடி சொல்வார், மார்க்கருக்குக் கண் ரெண்டு, வாய் பூஜ்யம் என்று. ஒரு ஆட்டக்காரன் குட்டை இன்னொருத்தனிடம் உடைத்தால் அப்புறம் ஒருத்தனும் அந்த டேபிளை நம்ப மாட்டான்.

அந்தப் பூஜ்யம் ஐப்பசி மாதம் ஒரு மழைநாளில் என் கழுத்தை அறுத்தது. முத்தையா குடுமியான்மலைப் பக்கத்து விவசாயி, தங்கமான மனுசன், ஆட்டமும் சுமார்தான். கண்ணாடிக்காரரோடு தோற்றவர் கடைக்கே பிரியாணி வாங்குவது என்று ஒரு ஆட்டம் ஆடி ஜெயித்துவிட்டார். எல்லாரும் கைதட்டினார்கள். கண்ணாடிக்காரர் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு தன் புது பைக் சாவியை எடுத்து மேஜையில் வைத்தார். ஈடாக உங்களிடம் ஒரு ஜல்லிக்கட்டு மாடு இருக்கிறதாமே என்று பணிவாகக் கேட்டார். அந்தச் சாம்பல் நிற மயிலைக் காளையை இதுவரை எந்த வாடிவாசலிலும் ஒருத்தன் தொட்டதில்லை. முத்தையா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. மழைக்கு ஒதுங்குமுன் மாட்டுக்கு வாங்கி வைத்திருந்த புதுச் சலங்கையைப் பையிலிருந்து எடுத்து, சாவிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்.

கண்ணாடி ரகசியம் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். சொல்லவும் முடியவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை. ஒரு தடவை இருமினேன். முத்தையா திரும்பவில்லை. இன்னும் பலமாக, தொண்டை கிழிய இருமினேன். அவர் குச்சி நுனியில் சாக்பீஸைத் தேய்த்துக்கொண்டே அக்கறையாகச் சொன்னார்.

"பாய், மழைக்கு ஒத்துக்கலபோல. சுக்கு தட்டிப் போட்டு கசாயம் வச்சுக் குடிங்க."

சலங்கை கைமாறியது

முத்தையாவுக்கு ரெண்டே பந்து பாக்கி. கண்ணாடிக்காரருக்கு ஏழு. கடையே பைக்கை ஓட்டிப் பார்க்கிற கனவில் இருந்தது. கண்ணாடிக்காரர் நிதானமாகக் கண்ணாடியைக் கழற்றி மடித்துப் பையில் போட்டார். அப்புறம் நடந்ததைச் சொல்ல அதிக நேரம் ஆகாது, அவருக்கும் ஆகவில்லை. ஏழு பந்தும், கடைசியாக அடிக்க வேண்டிய கறுப்பும், ஒன்றன்பின் ஒன்றாகக் குழிக்குள் போயின. முத்தையா குச்சியைப் பிடித்தபடி நின்றார். பிரியாணி பொட்டலம் பிரித்தவர்கள் அப்படியே மூடிவைத்தார்கள்.

எல்லாரும் போன பிறகு முத்தையா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் ஏன் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை என்று இன்றைக்கும் என்னைத் திட்டிக்கொள்வதற்குக் காரணம் அவர் சொன்னதுதான்.

"பாய், அந்த மாடு என்னுது இல்ல. என் வீட்டுக்காரி செல்வி பொறந்த வீட்டுலேர்ந்து கன்னுக்குட்டியா கொண்டாந்தது. அவகிட்ட நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு சொல்வேன்?"

அவுத்துக்கங்க

மறுநாள் கண்ணாடிக்காரர் மாடு ஏற்ற குட்டி லாரியோடு முத்தையா வீட்டுக்குப் போனார். சாட்சிக்கு நானும் போக வேண்டியதாயிற்று. அந்தம்மா விளக்குமாற்றோடு வரும் என்று எதிர்பார்த்து லாரிக்குப் பின்னால் நின்றுகொண்டேன். செல்வி கத்தவில்லை. புருசனை மட்டும் ஒரு பார்வை பார்த்தார், அதற்கு முத்தையா ரெண்டு மாசம் ரசஞ்சோறு சாப்பிட்டார். எங்களுக்கு மோர் கொடுத்துவிட்டு ஒரு நோட்டை எடுத்து வந்தார். மாடு கைமாறுகிறதல்லவா, பேர், தகப்பனார் பேர், ஊர் எழுதிக் கையெழுத்துப் போடுங்க என்றார். கண்ணாடிக்காரர் 'சேகர்' என்று எழுதப் போனார். ஆதாரைக் காட்டச் சொன்னார் செல்வி. வேறு வழியில்லாமல் காட்டினார். அவர் பேர் தங்கராசு, ஊர் லால்குடி என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

கையெழுத்துப் போட்டுவிட்டுத் தங்கராசு தொழுவத்துக்குள் நுழைந்தார். மயிலை தலையைத் தாழ்த்திக் கொம்பால் ஒரு கூடை மண்ணை அள்ளி அவர் வெள்ளைச் சட்டையில் போட்டது. அடுத்து நான் பார்த்தபோது மனுசன் லாரி கேபின் மேல் நின்றார். எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியாது. லாரி டிரைவர் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்துகொண்டார். செல்வி மாட்டின் கழுத்தைச் சொறிந்துகொண்டே மேலே பார்த்துச் சொன்னார். மாடு கண்ணை மூடி நின்றது.

"மாடு ஒங்களுதுதாண்ணே. நாங்க இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லலையே. எறங்கி வந்து அவுத்துக்கங்க."

ஞாயிற்றுக்கிழமை தவிடு

வேறு ஆளாக இருந்தால் தலைமுழுகிவிட்டுப் போயிருப்பார். தங்கராசு தோல்வியே தெரியாத ஆட்டக்காரர் ஆயிற்றே, ரோசம் விடவில்லை. பழக்கித்தான் பிடிப்பேன் என்று ஞாயிறுதோறும் வர ஆரம்பித்தார். எங்கள் கடைக்குக் கீழே உரக்கடையில் தவிடும் பருத்திக்கொட்டையும் வாங்கி, பைக்கில் கட்டி, சலங்கையைக் குலுக்கிக்கொண்டே குடுமியான்மலைப் பக்கம் கிளம்புவார். மாடு தவிட்டைத் தின்றது. ஆளைச் சேர்க்கவில்லை. போன வாரம் பத்தடி பாய், இந்த வாரம் ஏழடி வரைக்கும் விட்டுச்சு என்று மாடியேறி வந்து என்னிடம் சொல்வார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோசத்தை எந்தப் பந்தயத்தில் ஜெயித்தபோதும் நான் பார்த்ததில்லை. எனக்கே அந்த ஆள் மேல் பிரியம் வந்துவிட்டது.

முத்தையா உரக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். தங்கராசு மூட்டையைத் தோளில் ஏற்றுவார். ஒருநாள் இதைப் பார்த்துக்கொண்டிருந்த உரக்கடைக்காரர் என்னைக் கூப்பிட்டார்.

"பாய், தோத்தவரு பேப்பர் படிக்கிறாரு, ஜெயிச்சவரு மூட்டை தூக்குறாரு. இது எந்த ஊரு வெளையாட்டு?"

மைக்கில் ஒரு பேர்

தை மாதம் பக்கத்து ஊர் வாடிவாசலில் மயிலையை அவிழ்த்தார்கள். நானும் தங்கராசும் கேலரியில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். மாடு வெளியே வருமுன் யாருடைய மாடு என்று மைக்கில் சொல்வார்கள். மாட்டுக்காரர் கொடுக்கிற துண்டுச்சீட்டில் என்ன இருக்கிறதோ அதைத்தான் வாசிப்பார்கள். முத்தையா பேர் வரும் என்று காத்திருந்தேன். "அடுத்து வருது, லால்குடி தங்கராசு மாடு! பூல் ஆட்டத்துல இலுப்பூரையே ஜெயிச்ச தங்கராசு மாடு! தொட்டுப் பாரு தம்பி!" என்றது மைக். தங்கராசு என் தோளைப் பிடித்த பிடியில் நாலு நாள் வலி இருந்தது. மயிலை வந்தது, ஒரு சுற்றுச் சுற்றியது, ஒருத்தனையும் கிட்டே விடவில்லை. பரிசு ஒரு பீரோ. மாட்டுக்காரர் மேடைக்கு வரவும் என்றார்கள். தங்கராசு கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனார். கண்ணீரில் கண்ணாடி மங்கி, கழற்றித் துடைத்தார். அந்த முகத்தை நூறு செல்போன் படம் பிடித்தது.

சாயங்காலத்துக்குள் மணப்பாறையில் ரமேஷையும் விராலிமலையில் பாபுவையும் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. முகம் தெரியாமல் இருப்பதுதான் அந்தத் தொழிலுக்கு முதல். அது ஒரே மைக்கில் போய்விட்டது. அதன்பின் அவரோடு பந்தயம் வைத்து ஆட ஒரு ஆள் இல்லை. ஏம்மா என் பேரைக் கொடுத்தே என்று தங்கராசு செல்வியிடம் கேட்டபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். செல்வி வெள்ளந்தியாகத்தான் முகத்தை வைத்திருந்தார்.

"ஒங்க மாட்ட வேற யாரு பேருலண்ணே அவுக்குறது?"

பீரோ

தங்கராசு கோபிக்கவில்லை. ரொம்ப நேரம் சிரித்தார். பீரோவை முத்தையா வீட்டிலேயே இறக்கினார். இப்போது லால்குடியில் நிஜமாகவே இன்சூரன்ஸ் பிடிக்கிறார், அந்த ஃபைலுக்கும் ஒரு வேலை வந்தது. எங்கள் கடைக்கு வந்தால் கண்ணாடி இல்லாமல், டீக்கு ஆடுகிறார். போன மாசம் என்னையும் கூட்டிக்கொண்டு முத்தையா வீட்டுக்குப் போனார். சலங்கையைச் செல்வி கையில் கொடுத்து, பழைய நோட்டைக் கொண்டாம்மா, மாடு இனிமேல் உன்னுதுதான் என்று எழுதித் தாரேன் என்றார். மாடு அவரிடமிருந்து மூன்றடியில் நின்று தவிடு தின்றுகொண்டிருந்தது. முத்தையாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். செல்வி சலங்கையை வாங்கவில்லை, பதறிப்போய்க் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"அய்யய்யோ, மாடு வேணாம்னு மட்டும் சொல்லிராதீங்கண்ணே. அப்புறம் வாராவாரம் தவிடு யாரு வாங்குறது?"

ஆக, என் டேபிளில் இதுவரை எத்தனையோ பேர் எதையெதையோ ஜெயித்துக்கொண்டு போயிருக்கிறார்கள், ஆனால் குச்சியைக் கையால் தொடாமலே ஆட்டத்தை முடித்தவர் அந்தம்மா ஒருத்தர்தான்.