கும்மிடிப்பூண்டியில் மைனஸ் நாற்பது

பூவராகவன் என்று கேட்டால் எங்கள் கவரைப்பேட்டையில் பாதிப் பேருக்குத் தெரியாது. ‘பாட்டில்’ என்று கேளுங்கள், வீட்டு வாசல் வரை கொண்டுபோய் விடுவார்கள். அந்தப் பெயரை வைத்த புண்ணியவான் ஜெயராஜ், பூவராகவன் ஓட்டும் வேனின் சொந்தக்காரர். அது பொய்ப் பெயர் என்பது எனக்குத் தெரியும், மெக்கானிக் ஸ்டீவனுக்குத் தெரியும், ஜெயராஜுக்கு எங்கள் இருவரையும் விட நன்றாகவே தெரியும்.

நான் வண்டி உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். கடையை ஒட்டிய காலி மனையில்தான் அந்த வேன் நிற்கும். அதற்கு அந்தப் பக்கம் ஸ்டீவனின் ஷெட். நடந்த அத்தனையும் நான் கல்லாவில் உட்கார்ந்தபடியே பார்த்தவை.

பூவராகவனின் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுச் செத்தார்கள். அந்த நிலத்தில் இப்போது இரும்பு உருக்குகிறார்கள். மகன் டிராக்டர் ஓட்டி, லாரி ஓட்டி, கடைசியில் ஜெயராஜின் பெட்ரோல் வேனில் வந்து உட்கார்ந்தார். சிப்காட் கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்களை ஏற்றி இறக்குவது வேலை. தினமும் சவரம், சலவைச் சட்டை, பெண்கள் ஏறி உட்காரும் வரை முன்னால் பார்த்த முகம். ஒரே ஒரு குறை, வாயைத் திறந்தால் “அடுத்தவன் பொருள்ல ஒரு சொட்டு எடுத்தது கெடையாது” என்று ஆரம்பித்துவிடுவார். கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போகும். ஆனால் அந்த மனிதருக்குச் சொத்து என்று இருந்தது அந்த ஒரு வாக்கியம்தான்.

போன வருடம் கோடையில் அந்தச் சொத்துக்கு வந்தது கேடு. லிட்டருக்குப் பதினைந்து ஓடிக்கொண்டிருந்த வண்டி, கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகப் பத்துக்கு இறங்கியது. கூடவே ஸ்டீயரிங்குக்குப் பின்னால், எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒன்று எரிய ஆரம்பித்தது. பூவராகவன் அன்றே போய்ச் சொன்னார்.

“மொதலாளி, மஞ்ச லைட்டு அணையவே மாட்டேங்குது. ஸ்டீவன் கைல ஒருவாட்டி காட்டிடலாமா?”

“வண்டி ஓடுதில்ல?”

“ஓடுது.”

“அப்பால இன்னாய்யா? அவன் லைட்டப் பாக்கறேன்னு எஞ்சினையே எறக்கி வெச்சிடுவான். கம்முனு ஓட்டு.”

விளக்கு கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து வந்த ஜெயராஜ், மாதா படம் போட்ட ஸ்டிக்கர் ஒன்றைச் சரியாக அதன் மேல் ஒட்டினார். “மாதா பாத்துப்பா” என்றார். பூவராகவனுக்கு எந்தச் சாமியும் சாமிதான். மறுநாளிலிருந்து வண்டியைக் கிளப்பும் முன் அந்தப் படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். பாவி மனிதர், தனக்கிருந்த ஒரே சாட்சியை மூடி வைத்த காகிதத்தைத்தான் தினமும் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

வண்டிக்குள் பெட்ரோல் வாடை வர ஆரம்பித்தது. முன் சீட்டில் வரும் ஹெலன் அதை ஜெயராஜிடமே சொல்லிவிட்டாள். “அங்கிள், ஒரே பெட்ரோல் நாத்தம். கம்பெனி போறதுக்குள்ள வாந்தி வருது.” அந்தப் பெண் நல்லதற்குத்தான் சொன்னாள். ஜெயராஜ் கணக்குப் போட்டார். மைலேஜ் குறைகிறது, வண்டியில் பெட்ரோல் நாறுகிறது. அப்படியானால் டிரைவர் உறிஞ்சி எடுத்து விற்கிறான். எங்கள் பக்கத்தில் மைலேஜ் குறைந்தால் எந்த ஓனரும் முதலில் பானட்டைத் திறப்பதில்லை, டிரைவரின் பையைத்தான் திறப்பார்.

பூவராகவனுக்கும் மைலேஜ் குறைவது தெரியும். ஷெட்டுக்குப் போகக் கூடாது என்று சொல்லியாயிற்று. எஞ்சினின் ஸ்பார்க் பிளக்கைத் தானே கழற்றினார், கன்னங்கரேல் என்று கரி. தன் மொபெட்டிலிருந்து ஒரு பாட்டிலில் பெட்ரோல் பிடித்து வந்து, காலி மனையில் குந்திக்கொண்டு துடைத்தார். ஒரு சாயங்காலம், நைட் ஷிப்டுக்குப் போகும் பெண்கள் வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்த நேரம், ஜெயராஜ் வந்து நின்றார்.

“இன்னாய்யா அது பாட்டிலு?”

“பிளக்கு கரி அடிச்சிருக்கு மொதலாளி. தொடச்சிக்கினு இருந்தேன்.”

“கைய நீட்டு.”

நீட்டினார். ஜெயராஜ் குனிந்து அந்த இரண்டு கைகளையும் மோந்து பார்த்தார். திருப்பச் சொல்லிப் புறங்கையையும் மோந்து பார்த்தார். பெட்ரோல் தொட்ட கை பன்னீரா மணக்கும்?

“பத்து வருசமா எத்தினி பாட்டிலுய்யா தொடச்ச?”

வண்டிக்குள் ஒருத்தி சிரித்துவிட்டாள். பூவராகவன் தன் வாக்கியத்தை ஆரம்பித்தார், “அடுத்தவன் பொருள்ல ஒரு...” அதற்கு மேல் வரவில்லை. ஜெயராஜ் பாட்டிலைக் கையில் கொடுத்துப் பிடிக்க வைத்து போட்டோ எடுத்தார். வேன் ஓனர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, ‘இந்த பாட்டிலுக்கு யாரும் வண்டி தராதீங்க’ என்று எழுதினார்.

அவ்வளவுதான். பொன்னேரியிலிருந்து ஆரம்பாக்கம் வரை அவருக்கு ஸ்டீயரிங் தர ஆள் இல்லை. கும்மிடிப்பூண்டியில் பழைய இரும்பு யார்டு ஒன்றில் சுமை தூக்கப் போனார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ஊர் சிரித்ததைக் கூடத் தாங்கிக்கொண்டார். அவர் மனைவி செங்கம்மாள் ஒருநாள் சோறு போடும்போது, “கோச்சுக்காத. நெஜமாவே நீ எடுக்கலியா?” என்று கேட்டாளாம். என்னிடம் இதைச் சொன்னபோது அவர் அழவில்லை. தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தேன் என்றுதான் சொன்னார்.

அடுத்து மதன் என்று ஒரு பையனை ஜெயராஜ் வேலைக்கு வைத்தார். மைலேஜ் ஏறவில்லை. அவனையும் திருடன் என்று துரத்தினார். பிறகு தானே ஓட்டினார். அப்போதும் பத்துதான். தன் கையைத் தானே மோந்து பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது.

வேறு வழியில்லாமல் ஸ்டீவனிடம் வந்தார். ஸ்டீவன் ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டு என்னைக் கூவி அழைத்தான். திரையில் எஞ்சினுக்குள் போகும் காற்றின் சூடு, மைனஸ் நாற்பது டிகிரி என்று காட்டியது. வெளியே தார் இளகிக்கொண்டிருந்தது.

“அண்ணா, உங்க வண்டி காஷ்மீர்ல பனிக்குள்ள நிக்கறதா நெனச்சுக்கினு கீது. குளுருக்கு பெட்ரோல் ஜாஸ்தி வோணும்னு அள்ளி அள்ளி ஊத்துது. கரி, நாத்தம், மைலேஜ், அல்லாத்துக்கும் இதான் காரணம்” என்றான்.

ஒயரில் கோளாறா, சென்சாரில் கோளாறா என்று அடுத்துப் பார்த்தான். காற்றுக் குழாயில் குத்தியிருந்த சென்சாரின் பிளக்கைப் பிடுங்கினான், எண் மாறவில்லை. பிளக்கின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்தான். எண் நூற்றைத் தாண்டி எகிறியது. ஒயர் சரி என்று அர்த்தம். சென்சாரை மீட்டரில் வைத்தான், முள் அசையவில்லை. உள்ளே அறுந்து செத்திருந்தது. என் கடையிலிருந்து புதியது எடுத்துப் போட்டதும் திரை நாற்பத்தொன்று காட்டியது.

“லைட்டு எரிஞ்சிருக்கணுமே. ஸ்கேனர்ல அழிக்கற வரைக்கும் அணையாதே” என்று ஸ்டீவன் உள்ளே தேடினான். ஸ்டிக்கரின் ஓரத்தில் மஞ்சளாக ஒளி கசிந்தது. “மாதாவே, மன்னிச்சுக்கோ” என்று உரித்தான். விளக்கு பளிச்சென்று எரிந்தது. ஜெயராஜ் அதைப் பார்த்தார், பிறகு வெளியே போய்ச் செல்போனைப் பார்க்க ஆரம்பித்தார்.

ஸ்டீவன் பூவராகவனுக்குப் போன் போட்டான். அவர் யார்டிலிருந்து துருப்பொடி அப்பிய சட்டையோடு ஓடி வந்தார். செத்த சென்சாரை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக்.

“இத்தூண்டா?” என்றார்.

பிறகு ஜெயராஜிடம் போனார். “மொதலாளி, குரூப்புல ஒரு வார்த்த போட்டுடுங்க. நான் எடுக்கலன்னு. வேற ஒண்ணும் வாணாம்.”

“அத்தப் போட்டா நாளைக்கு திருடறவன்லாம் சென்சாரு சென்சாருன்னு வந்து நிப்பான். ஓனருங்க என்னத்தான் காறித் துப்புவானுங்க” என்றார் ஜெயராஜ். “ஆனது ஆச்சு, வுடு. நாளைலேந்து வந்து வண்டி எடுத்துக்கோ.”

அந்தச் சென்சாரை ஜெயராஜ் மூஞ்சியில் விட்டெறியட்டும் என்று நான் வேண்டாத தெய்வமில்லை. பூவராகவன் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வலது தோளில் இரும்பு சுமந்த இடம் தோலுரிந்து சட்டையோடு ஒட்டியிருந்தது.

“காத்தால எத்தினி மணிக்கு வரட்டும்?” என்று கேட்டார்.

மறுநாள் சவரம் செய்து, சலவைச் சட்டையோடு வந்தார். “ஐ, பாட்டில் அண்ணா வந்துட்டாரு!” என்று ஹெலன் சந்தோஷமாகவே கத்தினாள். வண்டிக்குள் துளி வாடை இல்லை. அவரும் தன் பழைய வாக்கியத்தை யாரிடமும் சொல்லவில்லை. இன்று வரை சொல்லவில்லை.

சாயங்காலம் வண்டியை நிறுத்தி, துடைத்து, காத்திருந்த ஜெயராஜிடம் சாவியைக் கொடுத்தார். ஜெயராஜ் வாங்கிக்கொண்டு திரும்பினார். பூவராகவன் போகவில்லை. யாரும் கேட்காமலே இரண்டு கைகளையும் நீட்டினார். உள்ளங்கையைக் காட்டி, பிறகு தானாகவே புறங்கையைத் திருப்பினார்.

ஜெயராஜ் ஒரு நொடி விழித்தார். அப்புறம் குனிந்து மோந்து பார்த்துவிட்டு, “சரி, போ” என்றார்.