பெயர் எழுதப் பழகிய வாரம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், குழித்துறைக்குக் கொஞ்சம் தள்ளி, குற்றம் சாட்டப்பட்ட சிறுமிகளை அடைத்து வைத்திருந்த விடுதியில் நான் டீச்சர் வேலை பார்த்தேன். விடுதி என்பது சும்மா பேச்சுக்கு. பூட்டு வெளிப்பக்கம்தான் இருந்தது. பகல் முழுக்கக் கயிறு திரிக்க வேண்டும். அது போக நேரம் மிஞ்சினால் படிப்பு.

மேலதிகாரி பார்வையிட வருகிறார் என்று தெரிந்ததும் விடுதிப் பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டார். "கைநாட்டு வெக்கியது ஒண்ணுகூட இருக்கப்பிடாது, டீச்சர்" என்றார். எனக்கும் நல்ல பேர் வாங்கும் ஆசை. அரிச்சுவடியை ஓரமாக வைத்துவிட்டு, ஒவ்வொருத்திக்கும் அவள் பெயரை மட்டும் மணலில் எழுதிக் காட்டினேன். ஒரே வாரத்தில் எல்லோரும் எழுதினார்கள். எந்த எழுத்து எது என்று ஒருத்திக்கும் தெரியாது; கோலம் போடுகிற மாதிரிப் போட்டார்கள். எல்லோருக்கும் எழுத்து தெரியும் என்று பதிவேட்டில் நானே எழுதிக் கொடுத்தேன். அதிகாரி பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அவர்களில் பதினாலு வயசுக்காரி ஒருத்தி. வேலை பார்த்த வீட்டில் சங்கிலி திருடியதாக வழக்கு. எடுக்கவே இல்லை என்று வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். விசாரணை முடிந்தால் பேச்சிப்பாறைக்கு, அம்மாவிடம் போய்விடலாம் என்று காத்திருந்தாள்.

கைநாட்டு வைப்பவர்களுக்குத் தாளை உரக்க வாசித்துக் காட்டிய பிறகே விரலைப் பிடிப்பது அங்கே வழக்கம். விசாரணைக்கு வந்தவர்கள் இவளிடம் ஒரு தாளை இரண்டு பிரதியாகக் கொண்டுவந்து, கையெழுத்துப் போடத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும் என்று பெருமையாகச் சொல்லி, இரண்டிலும் போட்டாள். யாரும் வாசிக்கவில்லை. 'சங்கிலியை எடுத்தது நான்தான்' என்று அதில் எழுதியிருந்தது. இன்னும் மூன்று வருஷம் அடைத்து வைக்கத் தீர்ப்பானது.

நான் பொறுப்பாளரிடம் சண்டைக்குப் போனேன். "பிள்ளைக்கு எழுத்து தெரியும்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீய?" என்றார். அந்த வெட்கம் இன்றைக்கும் போகவில்லை.

மறுநாளே அ, ஆவிலிருந்து தொடங்கினேன். மற்றவர்களை முந்திக்கொண்டு அவள் படித்தாள். ஆறேழு மாதம் கழித்து, அந்தத் தாளைப் பார்க்க வேண்டும் என்றாள். விடுதிக் கோப்பில் இருந்த பிரதியைக் கெஞ்சி வாங்கிவந்தேன். விரலை வைத்து, எழுத்துக்கூட்டி, ஒரு வரி விடாமல் வாசித்தாள். தான் போட்ட கையெழுத்துக்கு வந்ததும் நிறுத்தினாள்.

"இதுல எம் பேரு மட்டுந்தான் நெசம், இல்லியா டீச்சரே?" என்றாள்.