திருக்கையின் வாய்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் எனக்குத் தலைப்பிள்ளை பிறந்தபோது, ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் குழந்தையைப் பார்ப்பதற்கு முன்னால் "பால் இருக்கா?" என்றுதான் கேட்டார்கள். ஏதோ நான் கறவைக்கு வந்த மாடு மாதிரி. சொட்டுச் சொட்டாக வந்த பாலும் நின்றுபோயிருந்தது. ஆட்டுப்பாலைக் காய்ச்சி யாராவது மூக்கு வைத்த பாலாடைக் கிண்ணத்தில் புகட்டுவார்கள். நான் புகட்டவில்லை. பசியில் வாயைப் பிளந்து அழும் அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

என் வீட்டுக்காரரின் அக்கா தூத்துக்குடியில் வாழ்க்கைப்பட்டவர். எனக்கு மைனி முறை. பால் நின்ற சேதி கேட்டதும் ஓலைப்பெட்டியில் ஐஸும் மரத்தூளும் போட்டு, அதற்குள் ஒரு மீனை வைத்துக்கொண்டு ரயிலேறிவிட்டார். விருதுநகரில் வண்டி மாறி வந்து இறங்கியவர், மூச்சு வாங்கக்கூட நேரம் எடுக்காமல் அடுப்படியில் பெட்டியைக் கவிழ்த்தார்.

"பிள்ளை பெத்தவளுக்குத் திருக்கையைப் புட்டு செஞ்சு குடுத்தா பால் பீறிக்கிட்டு வரும், பாரு."

மீன் மல்லாக்க விழுந்தது. அதுதான் வினை. எங்கள் பக்கத்தில் கண்மாய்க் கெண்டையும் விராலும்தான் மீன்; கடல் மீனென்றால் கருவாடு. முறத்தகலத்துக்கு வெள்ளை வெளேரென்று கிடந்த அந்த உடம்பில் இரண்டு சின்னக் கண்கள், அவற்றுக்குக் கீழே ஒரு கோணல் வாய். அழப்போகிற பச்சைப்பிள்ளை முகம். என் பிள்ளையின் முகமேதான்.

"எனக்கு வேண்டாம் மைனி. அது என்னையப் பாக்குது."

"ஏட்டி, அது கண்ணில்லை, மூக்கு!" மைனி விழுந்து விழுந்து சிரித்துவிட்டு மீனைப் புரட்டிப் போட்டார். மேல்பக்கம் மணல் நிறம். நடுமுதுகிலிருந்து வால்வரை வரிசையாக முள். உண்மையான கண்கள் தலைமேல் புடைத்துக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு துளை. "ஆழத்துல, மண்ணைப் போத்திக்கிட்டுக் கெடக்கும். கண்ணும் இந்தத் தொளையும்தான் வெளிய தெரியும். மூச்சு அது வழியாத்தான். நண்டு கிண்டு வந்தா மேல விழுந்து அமுக்கிரும். அதுக்குத்தான் வாய் அடியில."

"எங்க இருந்தா என்ன, பசிச்ச வாய்தானே மைனி?" என்று கேட்டுவிட்டு நான் அழுதேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் அடங்கவில்லை.

மைனி மீனின் வயிற்றைக் கீறினார். உள்ளே கருந்தோலில் ஒரு பை, உள்ளங்கை அகலம், நாலு மூலையிலும் கொம்பு. "முட்டைக்காரியையில்ல கொண்டாந்திருக்கேன்" என்றார் தனக்குத்தானே. வாலால் கொட்டுகிற திருக்கை குட்டி போடுமாம். கொட்டாத இந்தச் சாதி முட்டையிடுமாம். பையைக் கீறி என் பக்கம் நீட்டினார். அது நிறைய மஞ்சள் கரு.

"பிள்ளைக்குக் கட்டுச்சோறு. கட்டி மண்ணுல வச்சிட்டு ஆத்தாக்காரி போயிருவா. பிள்ளை உள்ளயே இதைத் தின்னு மாசக்கணக்கா வளந்து, தானா வெளிய வரும். ஒரு சொட்டு தாய்ப்பால் உண்டா? அதுக்காக அவ ஆத்தா இல்லைன்னு ஆகிருமா?"

மைனி முகத்தைத் திருப்பிக்கொண்டு வெங்காயம் உரிக்கப் போனார்.

மீனை அவித்து உதிர்த்து, பூண்டைத் தட்டிப் போட்டு அவர் செய்த புட்டை அன்றும் மறுநாளும் ஒரு துணுக்கு விடாமல் தின்றேன். பால் வரவில்லை. எங்கே தப்பு நடந்தது என்று மைனி மீன் விற்றவனையும் ஐஸையும் ரயிலையும் வரிசையாக வைதார். எனக்கு அவர்மீது கோபமில்லை, பாவமாக இருந்தது. அப்போது குழந்தை வீறிட்டான். மைனி பாலாடையோடு எழுந்தார்.

"இங்க தாங்க மைனி" என்றேன்.

குழந்தையை மடியில் போட்டுக்கொண்டேன். அதே கோணல் வாய், காதுவரை பிளந்திருந்தது. அவன் குடித்து முடிக்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.