பேயின் பங்கு

தாயாபாஸ் ஊரின் ட்ரைசிக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாமரம். பிற்பகல் மூன்று மணிக்கு கிரிசாந்தோ அதன் அடியில் வந்து உட்கார்ந்தால்தான் பாட்டில் திறக்கப்படும். இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான். காலையெல்லாம் ஆள் ஏற்றி மோட்டார் ட்ரைசிக்கிள் ஓட்டுவார். மூன்று மணிக்குச் சாவியை மனைவி பெர்பெத்தாவிடம் கொடுத்துவிட்டு வந்துவிடுவார். அந்த வட்டத்தின் தங்கேரோ அவர். வட்டத்துக்கு ஒரே ஒரு கண்ணாடி கிளாஸ்தான். அதில் ஜின்னை ஊற்றி, முறைப்படி ஒவ்வொருவருக்கும் நீட்டுகிறவருக்கு அந்தப் பெயர். அளவு குறைந்தால் சண்டை வரும், கூடினால் சந்தேகம் வரும். கிரிசாந்தோ கையில் இரண்டும் வந்ததில்லை என்று ஊரில் சொல்வார்கள். அவரைப் பற்றி ஊர் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது. அவரும் வேறு வார்த்தைக்கு ஆசைப்பட்டதில்லை.

ஜின் விஷயத்தில் அவருக்குத் திடமான கொள்கைகள் உண்டு. சாதாரண நாளுக்கு உருண்டை பாட்டில். விசேஷ நாளுக்கு நாலு மூலை பாட்டில். அதில் காரம் கூடுதல், ஆனால் வாசனை தொண்டையில் நிற்கும். பிறந்தநாள் வீடுகளில் பம்பளிமாஸ் பொடியும் ஐஸும் கலந்து ஜக்கில் கொடுப்பதை மறுக்கமாட்டார். அதை ஜின் என்று ஒப்புக்கொள்ளவும் மாட்டார். ஒரே வாயில் விழுங்க வேண்டும். கையோடு ஒரு மடக்குத் தண்ணீர். பிறகு உப்பில் தோய்த்த மாங்காய்த் துண்டு. இந்த மூன்றுக்கும் நடுவில் பேசக் கூடாது.

புதுப் பாட்டிலின் முதல் சொட்டு மனிதர்களுக்கில்லை. மூடியில் கொஞ்சம் ஊற்றி மண்ணில் விடுவார்கள். அது மரத்தில் குடியிருக்கும் பேய்க்கு.

ஜூன் மாதத்தில் சுகாதார நிலையத்து டாக்டரம்மா அவர் வயிற்றை அழுத்திப் பார்த்தார்.

"கல்லீரல் வீங்கியிருக்கு. இனிமே ஒரு சொட்டுகூடக் கூடாது."

"அளவாத்தான் குடிக்கிறேன் டாக்டர்."

"உங்க அளவுதான் கண்ணுல மஞ்சளாத் தெரியுதே."

வீட்டில் பெர்பெத்தாவிடம் மட்டும் சொன்னார்.

"அந்தப் பக்கம் போகாதே. அவ்வளவுதானே?" என்றாள் அவள்.

"போகலைன்னா ஏன்னு கேப்பாங்க. சொன்னா, ஐயோ பாவம்னு பாப்பாங்க."

"பாவம்னு பாத்தா செத்தா போயிடுவே?"

"போய்க் குடிச்சா செத்துப்போவேன். ரெண்டுக்கும் நடுவுல ஒரு சந்து இருக்கான்னு பாக்கறேன்."

இருந்த சந்தை அவரே ஒருநாள் அடைத்திருந்தார். ஆறு வருடத்துக்கு முன்னால் மாரியானோ என்ற தச்சர் குடியைத் தடுக்கும் வேறொரு கிறிஸ்தவ சபைக்கு மாறி, குடியை விட்டார். ஆனாலும் பழக்கத்தில் வந்து உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருப்பார். முகத்துக்கு நேராகச் சொன்னவர் கிரிசாந்தோதான்: "குடிக்காம உக்காந்திருக்கறவன் சாட்சி. நமக்குச் சாட்சி வேணாம்." எல்லோரும் சிரித்தார்கள். மாரியானோவும் சிரித்தார். மறுநாளிலிருந்து அவர் வரவில்லை. அந்தப் பேச்சு வட்டத்தின் சட்டமாகிவிட்டது.

யோசித்து யோசித்து, கடைசியில் பேயைப் பிடித்தார் கிரிசாந்தோ.

தன் முறை வந்ததும் கிளாஸை நிரப்பினார். மரத்தை அண்ணாந்து பார்த்தார். "மேல இருக்கறவருக்கு" என்று முழுவதையும் மண்ணில் சாய்த்தார்.

முடி வெட்டும் பீதோ விழுந்து விழுந்து சிரித்தான். "என்னண்ணே, பேய்க்கு இன்னிக்குப் பொறந்தநாளா?"

"ராத்திரி கனவுல வந்து கேட்டுச்சுடா."

"நம்ம கனவுல ஒண்ணும் வந்து கேக்க மாட்டேங்குதே. வந்தா பொண்டாட்டிதான் வர்றா, அரிசி கேட்டு."

அன்றைக்குத் தப்பித்தார். மறுநாளும் தப்பித்தார். நாலாம் நாள் ஒனோரியோ வாய் திறந்தார். கொப்பரை மண்டியில் முப்பது வருடம் எடை போட்டவர் அவர். அதிகம் பேசமாட்டார், பேசினால் எடை போட்டதுபோல் இருக்கும்.

"சாந்தோ, பேயோட பங்கு எங்க பங்கைவிட ஒரு விரல் கூட."

பீதோவின் சிரிப்பு பாதியில் நின்றது. கிரிசாந்தோ கையிலிருந்த கிளாஸைப் பார்த்தார். மண்ணில் சாய்ப்பதற்காக வெயிலில் உயர்த்திப் பிடித்திருந்தார். அளவு நன்றாகத் தெரிந்தது: எப்போதும் தன் முறைக்கு ஊற்றிக்கொள்ளும் அதே அளவு. தான் குடித்த காலமெல்லாம் கிளாஸை உள்ளங்கை மூடியிருந்தது, கண்ணும் மூடியிருந்தது. வேண்டுமென்று செய்ததில்லை. அதுதான் அவரை உலுக்கியது. வேண்டுமென்று செய்திருந்தால் எப்போதாவது ஒருநாள் நிறுத்தியிருப்பார்.

"இருபத்திரண்டு வருஷம், தினமும் ஒரு விரல்" என்றான் பீதோ மெதுவாக. "மொத்தம் எத்தனை பாட்டில் வரும்ணே?"

திருடன் என்ற பெயர், அல்லது நோயாளி என்ற பெயர். கிரிசாந்தோ தேர்ந்தெடுக்க அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

"பேயும் இல்ல ஒண்ணும் இல்லடா. இது என் பங்கு. டாக்டரம்மா நிறுத்தச் சொல்லிட்டாங்க. கல்லீரல்."

ஒனோரியோ அவர் கையிலிருந்த கிளாஸை வாங்கித் தானே குடித்து, தண்ணீர் குடித்து, மாங்காயும் கடித்த பிறகுதான் பேசினார்.

"இனிமே நீ குடிக்க வேணாம். ஊத்து, போதும். இப்பத்தான் உன் கை சரியா இருக்கும்."

"அதுக்காக வராம இருந்துடாதீங்கண்ணே" என்றான் பீதோ. "வரலைன்னா வீட்டுக்கே வந்து நாற்காலியோட தூக்கிட்டு வந்துடுவோம்."

சிரித்தார்கள். மன்னிப்பு என்றுதான் அதைச் சொல்ல வேண்டும். கிரிசாந்தோவும் வீட்டில் அப்படித்தான் சொன்னார். பெர்பெத்தா நம்பவில்லை.

இப்போது தினமும் ஊற்றுகிறார். பிற்பகல் இவ்வளவு நீளம் என்று அவருக்கு முன்பு தெரியாது. மூன்று மணிக்கும் சூரியன் சாய்வதற்கும் நடுவில் பீதோ தன் மாமியாரின் வாத்துக் கதையை இரண்டு தடவை சொல்கிறான். இரண்டு தடவையும் ஒரே இடத்தில் சிரிக்கிறார்கள். இதே கதைக்கு இத்தனை வருடம் தானும் சிரித்திருக்கிறோம் என்று நினைக்கும்போது, அப்படிச் சிரித்தது வேறு யாரோ என்று படுகிறது. ஒவ்வொரு முறை மூடி திறக்கும்போதும் வாசனை வந்து முகத்தில் உட்காருகிறது. எழுந்து போய்விடலாம். கயிறு போட்டு யாரும் கட்டவில்லை. ஆனால் ஊற்றாத கிரிசாந்தோ யார் என்று கேட்டால் பதில் சொல்ல அவரிடம் ஒன்றுமில்லை.

ஒருநாள் மாரியானோ தோளில் பலகையோடு அந்த வழியாகப் போனார்.

"வாய்யா மாரியானோ, உக்காரு! இப்ப குடிக்காதவங்களுக்கும் இடம் இருக்கு" என்று கூப்பிட்டான் பீதோ.

மாரியானோ நின்றார். கிளாஸும் கையுமாக இருந்த கிரிசாந்தோவின் காய்ந்த உதட்டைப் பார்த்தார்.

"வேணாம்பா. ஒரு சாட்சி போதும்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

யாரும் சிரிக்கவில்லை. கிரிசாந்தோ நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து எழப்போனார். அதற்குள் ஒனோரியோவின் முறை வந்திருந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டினார். கிரிசாந்தோ உட்கார்ந்து, கிளாஸை வெளிச்சத்தில் உயர்த்தி, அளவு பிசகாமல் ஊற்றினார்.