யாரும் பார்க்காத கோள்

நட்சத்திரத்தின் ஒளியை மறைத்துவிட்டு, அதைச் சுற்றும் கோளைப் படமெடுக்கும் விண்வெளித் தொலைநோக்கியை வடிவமைக்கிறோம். நேற்றுக் கூட்டத்தில் ஓர் அதிகாரி சிரித்தார். "இதெல்லாம் கண்ணுக்குத் தெரியுமா மேடம்?"

அதே சிரிப்பை எழுபதுகளின் கடைசியில், ராயபுரத்துப் பள்ளியில் கேட்டிருக்கிறேன். சூரியனும் ஒரு நட்சத்திரம்தான் என்று பாடம் நடந்தது.

"அப்போ மத்த நட்சத்திரத்துக்கும் கோள் கீது சார்" என்றேன்.

வாத்தியார் சிரித்தார். "யார் பார்த்தது? பொய் சொன்னேன்னு மன்னிப்புக் கேள்."

நான் கேட்கவில்லை. வெயிலில் முட்டி போட வைத்தார்.

மீன் விற்றுவிட்டு அந்த வழியாக வந்த அம்மா பார்த்துவிட்டாள். விஷயத்தைக் கேட்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டு நேராக வகுப்புக்குள் நுழைந்தாள். அவள் கூடையின் மீன் வாடை அறை முழுக்கப் பரவியது.

"இன்னா சார், நீ பாக்கலன்னா இல்லன்னு ஆயிடுமா? எம்பொண்ணு மன்னிப்பு கேக்காது."

"அப்போ பள்ளிக்கூடத்துக்கே வர வேணாம்."

"வரும். நாளைக்கும் வரும்."

என் முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டி, முதல் பெஞ்சில் உட்கார வைத்தாள். வெற்றிலையை மென்றபடி வாசலிலேயே உட்கார்ந்துகொண்டாள். கடைசி மணி அடிக்கும்வரை வாத்தியார் என்னைப் பெஞ்சிலிருந்து எழுப்பவில்லை.

நேற்று அந்த அதிகாரி சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு சொன்னேன்: "தெரியும் சார். ஆனால் தொலைநோக்கியின் கண்ணாடி இன்னும் பெரிதாக வேண்டும்."