காற்றுப் போகும் துணி

இலங்கை மலைநாட்டில், மடுல்சீமைத் தோட்டத்தில் நாங்கள் இரண்டு பேர் விமானம் கட்டினோம் என்றால் இன்றும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எஞ்சின் இல்லாத விமானம்தான். மேலே ஒரு சிறகு, கீழே ஒரு சிறகு. நடுவில் தொங்கிக்கொண்டு சரிவில் ஓட வேண்டும். துரை பங்களாவில் கழித்துப்போட்ட ஒரு பத்திரிகையில் அந்தப் படத்தைப் பார்த்தோம். எனக்குத் தேயிலை ஆலையில் மெஷின் வேலை. என் கூட்டாளிக்கு அதே ஆலையின் மேல்மாடியில், பச்சைக் கொழுந்தைச் சாக்குத்துணித் தட்டுகளில் பரப்பி வாட்டுகிற வேலை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பக்கத்துப் பக்கத்துக் காம்பிராவில் பிறந்தவர்கள்.

மூங்கிலை நான் வளைத்தேன். ஆலையில் கழித்த சாக்குத்துணியை அவன் கொண்டுவந்து தைத்தான். வேலை பாதியில் இருக்கும்போது அவன் குடும்பத்தை இந்தியாவுக்கே திருப்பி அனுப்பும் பத்திரம் வந்துவிட்டது. போவதற்கு முன் ஒருமுறையாவது அவன் பறக்க வேண்டும். எங்களுக்கு அப்போது வேறு நினைப்பே இல்லை.

கடைசி ஞாயிற்றுக்கிழமை புல்சரிவில் ஏழெட்டுத் தரம் ஓடினான். கால் தரையை விடவே இல்லை. முழங்காலெல்லாம் ரத்தம்.

"எனக்குத்தான் ஓடத் தெம்பு பத்தல. நீ பறந்தேன்னா கடுதாசி போடு" என்றான். செவ்வாய்க்கிழமை பதுளையில் ரயிலேறினான். லயமே காலியாகிவிட்டதுபோல் இருந்தது எனக்கு.

அவன் வேலைக்கு ஆளில்லாமல் என்னை மேல்மாடிக்கு மாற்றினார்கள். முதல் நாள் விசிறியைப் போட்டுவிட்டுக் கொழுந்தைப் பரப்பினால், தட்டின் மேல் வைத்த கையில் காற்றுப் படுகிறது. கீழிருந்து துணிக்குள் புகுந்து வருகிறது. கொழுந்து வாட வேண்டும் என்றே இடைவெளி விட்டு நெய்த துணி. பிறந்ததிலிருந்து அதோடு புழங்கிய இரண்டு மடையர்கள், அதையே சிறகுக்குத் தைத்திருக்கிறோம்.

மாவுக் கஞ்சி காய்ச்சித் துணி முழுக்கப் பூசி, நன்றாக வெயிலடித்த ஒரு நாள் தனியாகத் தூக்கிக்கொண்டு ஏறினேன். பத்தடி ஓடியதும் கால் அந்தரத்தில் ஓடியது. நாலு மூச்சு நேரம் இருக்கும். இறங்கியதும் திரும்பிப் பார்த்து அவன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். சரிவில் ஒருவரும் இல்லை. உட்கார்ந்து அழுதேன்.

நான் எழுதுவதற்குள் அவன் கடுதாசி வந்துவிட்டது. முகாமில் இருக்கிறார்களாம். மழையே கிடையாதாம். "இங்க சுத்திவர எங்கயும் மலை இல்லடா, எல்லாம் தட்டையாக் கெடக்கு. நம்ம பிளேன் என்னாச்சு?" என்று கேட்டிருந்தான்.

இரண்டு நாள் யோசித்தேன். "அது பறக்கலடா. ஒம்மேல குத்தமில்ல, துணிதான் சரியில்ல. பிரிச்சு அடுப்புல வச்சிட்டேன்" என்று எழுதித் தபாலில் போட்டேன். பாதியாவது உண்மையாக இருக்கட்டும் என்று, வீட்டுக்கு வந்து மூங்கிலை முறித்து அடுப்பில் வைத்தேன்.