வசனம் இல்லாதவன் பேசினான்

நாடக ஒத்திகையில், வசனமே இல்லாத ஒருவன் திடீரென்று பேசினால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

திட்டுவீர்கள். நானும் திட்டத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் திட்டவில்லை.

இது நடந்தது மழைக்காலத் தொடக்கத்தில். உடனே எழுதிவிடக் கை துறுதுறுத்தது. ஆனால் இது என் கதை இல்லையே... சம்பந்தப்பட்டவர்களைக் கேட்காமல் எழுதக்கூடாது என்று அடக்கிக்கொண்டேன். போன ஞாயிற்றுக்கிழமைதான் அனுமதி கிடைத்தது. "எழுதிக்கோங்க மேடம், பேரை மட்டும் மாத்திடுங்க" என்றார்கள். மாற்றிவிட்டேன்.

திருவொற்றியூரில் கடலைப் பார்த்தபடி ஒரு சின்ன கத்தோலிக்கக் கல்லூரி இருக்கிறது. வாரம் ஒருநாள் மதியம் அங்கே நாடகக் குழுவுக்கு உதவப் போகிறேன். சின்னக் கல்லூரி என்றால் நிஜமாகவே சின்னது. சிற்றாலயத்தில் பாடுகிற பையனே கபடி டீமிலும் இருப்பான், ரத்ததான முகாமில் ஜூஸ் கொடுப்பதும் அவனாகவே இருப்பான். வேறு ஆள் கிடையாது. அதனால் பிரின்சிபால் சிஸ்டர் ஒரு சட்டம் வைத்திருக்கிறார் — எல்லோரும் ஏதாவது ஒன்றில் சேர்ந்தே ஆகவேண்டும். பாட்டு, நாடகம், விளையாட்டு, கடற்கரை சுத்தம்... எது வேண்டுமானாலும். சும்மா வந்து சும்மா போவது மட்டும் கூடாது.

டில்லி அப்படித்தான் எங்களிடம் வந்து சேர்ந்தான்.

முதலாமாண்டு. காத்திவாக்கம் குப்பத்துப் பையன். ஒல்லியான உடம்பு, பெரிய கண்கள். பேசவே மாட்டான். அட்டெண்டன்ஸுக்குக்கூட கையைத்தான் தூக்குவானாம். திமிர் என்றார் ஒரு பேராசிரியர். கூச்சம் என்றார் இன்னொருவர். பாட்டுக் குழுவில் பாட வேண்டும், கபடியிலும் மூச்சு விடாமல் கத்த வேண்டும். பேசாமல் தப்பிக்க நாடகத்தில் ஏதாவது மூலை கிடைக்கும் என்று நினைத்து வந்திருக்கிறான்.

கிடைத்தது. அந்த வருட நாடகத்தை எழுதி, இயக்கி, அதில் முக்கிய வேஷமும் கட்டியவள் ஷபானா. மூன்றாமாண்டு, தண்டையார்பேட்டைப் பெண். தூங்குகிறவனையும் எழுப்பி வேலை வாங்கிவிடுவாள். கடலுக்குப் போன கணவனுக்காகக் காத்திருக்கும் ஒரு பெண்ணின் கதை அது. கணவனுக்கு வசனம் கிடையாது. மேடையின் பின்பக்கம் ஒரு மீன்வலையைத் திரைபோலத் தொங்கவிட்டு, அதற்குப் பின்னால் அவன் நாடகம் முழுக்க நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

"நீ பேசவே வாணாம். நின்னா போதும்" என்று ஷபானா சொன்னபோது, டில்லி முதல்முறையாகச் சிரித்ததைப் பார்த்தேன்.

ஆனால் அவன் நின்றது இருக்கிறதே... அதைப் பார்த்துத்தான் நாங்கள் முதலில் பயந்தோம். மற்றவர்கள் சும்மா நின்றால் காலை மாற்றுவார்கள், மூக்கைச் சொறிவார்கள். இவன் அசையவே மாட்டான். வலைக்குப் பின்னால் ஆள் நிற்கிறானா, நிழல் விழுந்திருக்கிறதா என்று சந்தேகமாக இருக்கும். அவன் பக்கம் பார்க்காமல்தான் எல்லோரும் வசனம் பேசினார்கள்.

எங்களில் யாருக்கும் அவன் அப்பாவைப் பற்றித் தெரியாது. அவன் சொல்லவில்லை. நாங்கள் கேட்கவும் இல்லை.

அன்றைக்கு மதியமே வானம் கறுத்துவிட்டது. கரண்ட் வேறு போய்விட்டது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் போகப் போக ஹால் ஜன்னல் கண்ணாடிகள் கிர்ரென்று அதிர்ந்தன. ஷபானா தன் போனை ஒரு வாளியின் மேல் சாய்த்து வைத்து ஒத்திகையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். மனைவி ராத்திரி வீட்டுக் கதவைச் சாத்துகிற காட்சி. ஷபானா கதவருகே போய்க் கையை வைத்தாள்.

"தாப்பா போடாத. தோ வந்துடறேன்."

ஆண் குரல். முதிர்ந்த, உப்புக் காற்றில் கரகரத்துப்போன குரல். சத்தமாக இல்லை — ஒரு வீட்டுக்குள் ஒருவர் இன்னொருவரிடம் சொல்கிற அளவு.

யாரும் அசையவில்லை. பேயை நான் நம்புவதில்லை. பயப்படுவேன், அது வேறு விஷயம். என் கையில் முடி சிலிர்த்து நின்றிருந்தது.

முதலில் சுதாரித்தது ஷபானாதான். வலையை விலக்கிக்கொண்டு போய், உனக்குத்தான் டயலாக் இல்லையே, ஏன் பேசினாய் என்று கேட்டாள். டில்லி திருதிருவென்று விழித்தான்.

"நான் பேசலக்கா" என்றான்.

அது ஒரு தொண்டை அடைத்த முணுமுணுப்பு. சற்றுமுன் கேட்ட குரலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. விளையாடுகிறான் என்று நினைத்து அவள் போனை எடுத்து ஓட்டிக் காட்டினாள். படத்தில் வலை தெரிகிறது. வலைக்குப் பின்னால் ஒரு கறுப்பு உருவம் தெரிகிறது. முகம் தெரியவில்லை. உதடு அசைந்ததா என்று பார்க்க வழியே இல்லை. ஆனால் குரல் தெளிவாக இருந்தது.

டில்லி அந்தக் குரலைக் கேட்டான். முகம் வெளுத்துப்போனது. "இது எங்கப்பா" என்றான். பையைக்கூட எடுக்காமல் வெளியே நடந்தான்.

மறுநாள் அவன் கல்லூரிக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. அவன் அப்பா கடலில் காணாமல் போனவர் என்ற விஷயம் அதற்குள் கல்லூரி முழுக்கத் தெரிந்துவிட்டது. ஹாலுக்குள் தனியாகப் போக ஆள் இல்லை. பெஞ்சு எடுக்கப் போன பையன்கள் பெஞ்சு இல்லாமல் ஓடிவந்தார்கள். நாடகத்தையே நிறுத்திவிடலாமா என்று சிஸ்டர் யோசித்தார். பேச்சோடு பேச்சாக என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "ஏதாவது ஒண்ணுல சேருன்னு அந்தப் பையனை நான்தான் கட்டாயப்படுத்தினேன். நீங்க போய்ப் பார்த்துட்டு வாங்க."

ஷபானா தானும் வருவேன் என்று நின்றாள். கதை எழுதினது நான்தானே மேடம் என்றாள். டில்லியின் பையை அவள்தான் தூக்கிக்கொண்டு வந்தாள்.

காத்திவாக்கத்தில் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. வாசலில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார் டில்லியின் அம்மா கன்னியம்மா. நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு, தலையில் பூ. அவர் கணவர் கட்டுமரத்தில் தனியாகப் போனபோது டில்லி பள்ளிக்கூடம் போகிற பையன். கட்டுமரம் பழவேற்காடு பக்கம் கரை ஒதுங்கியது. ஆள் வரவில்லை, உடம்பும் கிடைக்கவில்லை. காரியம் பண்ணு, பண்ணு என்று சொந்தக்காரர்கள் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார்கள். கன்னியம்மா மசியவில்லை. பார்க்காத சாவுக்கு எப்படி அழுவது?

டில்லி உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். இனி காலேஜுக்குப் போகமாட்டேன், காசிமேட்டில் மீன்பிடி லாஞ்சில் வேலைக்குச் சேரப்போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். காரணம் சொல்லவில்லை. காலேஜில் யாராவது அடித்தார்களா, கேலி பண்ணினார்களா என்று கன்னியம்மா எங்களைக் கேட்டார்.

நான் சுற்றி வளைத்து ஏதோ ஆரம்பித்தேன். ஷபானா நேராகச் சொல்லிவிட்டாள். சொல்லி முடித்ததும் கன்னியம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, அந்த வீடியோவைப் போடு என்றார்.

இத்தனை வருடம் காத்திருக்கிற பெண்ணிடம் இப்படி ஒரு குரலைக் காட்டலாமா? புருஷன் உயிரோடு இருக்கிறான் என்று நினைத்துவிட்டால்? இல்லை, செத்தே போய்விட்டான் என்று நினைத்துவிட்டால்? எது கொடுமை? நான் யோசித்து முடிப்பதற்குள் ஷபானா போட்டுவிட்டாள்.

"தாப்பா போடாத. தோ வந்துடறேன்."

உள்ளே டில்லி இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். கன்னியம்மா அழவில்லை. இன்னொரு தடவை போடச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு வீட்டுக்குள் பார்த்துச் சொன்னார்:

"அவுரு கொரலு இல்லடா அது. உன் கொரலு."

டில்லி எழுந்து உட்கார்ந்தான்.

அவர் எங்களிடம் திரும்பிச் சொன்னார். டில்லிக்குக் குரல் உடைந்த வயது. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தவன் வாசலில் நின்று "தண்ணி குடு" என்று கேட்டிருக்கிறான். பின்பக்கம் மீன் கழுவிக்கொண்டிருந்த கன்னியம்மா, கையெல்லாம் செதிளோடு விழுந்தடித்து ஓடிவந்தார். வாசலில் மகனைப் பார்த்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஏன் ஓடிவந்தாய் என்று அவன் கேட்கவில்லை. புரிந்துகொண்டான்.

"அன்னிலேர்ந்து வாயத் தொறக்கறத வுட்டான் மேடம். கேட்டா மொனவுவான், இல்லாங்காட்டி தலைய ஆட்டுவான். பேசுடான்னு சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. பேசினா அவுரு வந்த மாரி கீது. பேசாங்காட்டி இவனும் பூட்ட மாரி கீது."

அப்பாடா என்று இருந்தது எனக்கு. எல்லாவற்றுக்கும் விளக்கம் கிடைத்துவிட்டதே... வருடக் கணக்கில் அடக்கி வைத்த குரல், இருட்டில், வலைக்குப் பின்னால், தன்னை மறந்து வெளியே வந்திருக்கிறது. மனோதத்துவம். கிளம்பலாம் என்று எழுந்தேன்.

"கொரலு இவன்துதான்" என்றார் கன்னியம்மா. "வார்த்த அவுருது."

கணவர் கடைசியாகக் கிளம்பியபோது சொன்ன வார்த்தையாம் அது. விடியற்காலையில் இறங்கினவர் திரும்பிப் பார்த்து அதைத்தான் சொன்னார். வழக்கமாகச் சொல்வாரா, சின்னவனாக இருக்கும்போது டில்லி கேட்டிருப்பானா என்று நான் அவசரமாகக் கேட்டேன். கன்னியம்மா இல்லை என்று தலையசைத்தார். மற்ற நாளெல்லாம் அவர் கிளம்பியதும் தாழ்ப்பாள் போட்டுவிட்டுத்தான் இவர் திரும்பப் படுப்பார். அன்றைக்கு மட்டும்தான் அப்படிச் சொன்னார். அன்றைக்கு டில்லி வீட்டிலேயே இல்லை, லீவுக்கு விம்கோ நகரில் மாமா வீட்டில் இருந்தான். அந்த வார்த்தையைக் கன்னியம்மா யாரிடமும் சொன்னதில்லை. மகனிடமும்.

"அன்னிலேர்ந்து நானு தாப்பா போட்டதில்ல. துருப்புடிச்சிகினு வுழ மாட்டேங்குதுன்னு இவன்கிட்ட சொல்லி வெச்சேன்."

கதவைப் பார்த்தேன். தாழ்ப்பாள் பளபளவென்று இருந்தது. துருவே இல்லை.

ஷபானா என் கையைப் பிடித்துக்கொண்டாள். தூங்குகிறவனையும் எழுப்பி வேலை வாங்குகிறவளின் விரல்கள் சில்லிட்டிருந்தன.

டில்லி திரும்ப வந்தான். அம்மா அனுப்பினார். ஆரம்பித்ததை முடித்துவிட்டு அப்புறம் லாஞ்சோ கீஞ்சோ போ என்றாராம். ஷபானா நாடகத்தில் ஒரு வரிகூட மாற்றவில்லை. அவனிடம் மட்டும், உனக்குத் தோன்றினால் பேசு, இல்லாவிட்டால் நில் என்றாள்.

பெற்றோர்களுக்காக நாடகம் போட்ட அன்று மாலை ஹால் நிறைந்திருந்தது. கன்னியம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தார். அதே பொட்டு, அதே பூ. கதவு சாத்துகிற காட்சி வந்தது. ஷபானா கையை வைத்தாள்.

வலைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. அதே வார்த்தை. ஹாலில் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது, அதுவும் நிறுத்திவிட்டது.

பக்கத்தில் கன்னியம்மா பேசினார். எழுந்திருக்கவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை.

"எம்மா நாளு தொறந்தே வெக்கிறது? போட்டுக்கறேன். நீ போ."

நாடகத்தில் இதுவும் ஒரு வசனம் என்றுதான் பார்வையாளர்கள் நினைத்தார்கள். மேடையில் ஷபானா ஒரு கணம் தடுமாறினாள். பிறகு, கதவைச் சாத்திவிட்டு, எழுதாததைச் செய்தாள் — இல்லாத தாழ்ப்பாளைப் போட்டாள். கடைசிவரை நிற்க வேண்டியவன் மெல்லத் திரும்பி இருட்டுக்குள் நடந்து போனான். கன்னியம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழத் தொடங்கினார். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். வேறென்ன செய்ய?

அடுத்த அமாவாசை அன்று காத்திவாக்கம் கரையில் டில்லி அப்பாவுக்குக் காரியம் செய்தான். நாடகக் குழு மொத்தமும் போயிருந்தது. சிஸ்டரும் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்று ஜெபித்தார். கன்னியம்மா பொட்டை எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லும் தைரியம் அங்கே யாருக்கும் இல்லை.

திரும்பும்போது டில்லியிடம் கேட்டேன்: "மேடையில பேசினது நீதானே?"

"ஆமா மேடம். ஸ்டேஜ்ல பேசுனது நாந்தான்" என்றான். கொஞ்ச தூரம் நடந்தபிறகு சொன்னான். "ஒத்திகைல பேசுனது நான் இல்ல."

அந்த வீடியோவை ஷபானா அழித்துவிட்டாள். நல்ல வேலை செய்தாள்.

'ஏதாவது ஒன்றில் சேர்ந்துகொள்' என்று பிள்ளைகளிடம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். தைரியம் வரும், பழக்கம் வரும், சர்டிஃபிகேட் வரும் என்கிறோம். சேர வருகிறவன் யார் யாரைக் கூட்டிக்கொண்டு வருகிறான் என்று நமக்கு என்ன தெரியும்?

டில்லி காலேஜை விடவில்லை. இப்போது காலைப் பிரார்த்தனையில் மைக் பிடித்து அறிவிப்பு வாசிப்பது அவன்தான். போன ஞாயிற்றுக்கிழமை கன்னியம்மாவைப் பார்க்கப் போனபோது, வீட்டிலும் பேசுகிறானா என்று கேட்டேன். பேசுகிறானாம். அத்தனை வருடத்துக்கு அப்புறம் வாய்திறந்து முதலில் என்ன சொன்னான் என்று ஆசையாகக் கேட்டேன்.

"கொழம்புல உப்பு இல்லன்னான். அப்பிடியே அவுங்கப்பன்."